விரைவும் அளவும்

விரைந்து செல்லவேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு இயல்பாய் அமைந்தது. குதிரையை அடக்கி அதன்மேல் ஏறிய நாள்தொட்டு இன்றுகாறும், இருக்கும் விரைவு போதுமென்று மனிதன் அமைந்திருந்ததே இல்லை. அவ்வேட்கை இப்பொழுது நம் கல்லூரி மாணவரிடையே ஒரு புதிய உருக்கொண்டுள்ளது. தொழிற்சாலையினின்று வந்த மோட்டார் வண்டியை வந்தவாறே ஓட்டுதல் சுவையற்றது என்றும், அதன் எஞ்சினை மாற்றியமைத்து அதனிடம் இல்லாத ஆற்றலை உண்டாக்குதலே ஆண்மை என்றும் கருதுவார் நம்மிடையே பலர் உளர். மாலைப்பொழுதில் விடுதித் தாழ்வாரத்தில் சிறிது நேரம் நின்றால் போதும்; டர்போ, பிஸ்டன், கேஸ்கட் என்னும் சொற்கள் நம் செவியில் வந்து விழும்.

அவ்வுரையாடலை ஊன்றிக் கேட்பார்க்கு ஒன்று விளங்காமற் போகாது. அங்கே வெற்றியைப் பற்றிய பேச்சுச் சிறிது. துன்பத்தைப் பற்றிய பேச்சே பெரிது. புதிதாகப் பூட்டிய உறுப்பு ஒரு திங்கள் நன்றாய் உழைத்தது. பின்னர் எஞ்சின் கொதித்தது. அதனைச் செப்பனிட்டபின் எண்ணெய் ஒழுகிற்று. எண்ணெயை நிறுத்தியபின் கிளட்ச் வழுக்கிற்று. இவ்வாறு ஒன்று போனால் ஒன்று வருகின்றது. ஒருவர் மெக்கானிக்கை வைகின்றார்; ஒருவர் பெட்ரோலில் கலப்படம் என்கின்றார்; மற்றொருவர் தாம் வாங்கிய உறுப்பே போலி என்கின்றார். தம் எண்ணத்திலே பிழையிருக்கலாம் என்று சொல்வாரை மட்டும் காணோம்.

இது குறித்து எம் கருத்தை வெளியிடுதலே இக்கட்டுரையின் நோக்கம். எஞ்சினை மாற்றியமைத்தல் தவறென்று யாம் கூறவில்லை. மாற்றியமைக்கும் ஆர்வம் இல்லாதிருந்தால் மோட்டார்த் தொழில் இந்நிலைக்கு உயர்ந்திராது. ஆயினும் ஓர் உறுப்பினிடம் ஊதியத்தைப் பெற விரும்புவோன், அதனால் ஏனைய உறுப்புக்கள் மேல் ஏறும் சுமையைக் கணக்கிட்டே ஆகவேண்டும். அக்கணக்கினைப் பாராது செய்யும் மாற்றம் திருத்தம் ஆகாது, அது கடன். அக்கடனை எஞ்சின் ஒருநாள் வட்டியோடு கேட்டே தீரும்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு எஞ்சினோடு என்ன உறவு என்று சிலர் நகைக்கலாம். உறவு உண்டு. வெண்பா எழுதப் பழகிய எவரும் இதனை எளிதில் உணர்வர். முடிந்த வெண்பா ஒன்றில் ஒரு சீர் நமக்கு இனிமையாகப் படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதனை நீக்கி வேறொரு நல்ல சீரை அவ்விடத்தே இடுகின்றோம். புதிய சீர் பழையதினும் அழகியதுதான். ஆனால் முன்னின்ற சீரோடு தளை கெடுகின்றது. அதனைத் திருத்தினால் பின்வரும் சீரோடு கெடுகின்றது. அதனையும் திருத்தினால் எதுகை போய்விடுகின்றது. இறுதியில் பாட்டு முழுவதையும் புதிதாக எழுதவேண்டி வருகின்றது. எஞ்சினும் தளையால் கட்டுண்ட ஒரு பாட்டே. வேறுபாடு ஒன்றுதான்: தளை கெட்ட வெண்பாவைக் கிழித்தெறியலாம், அதனால் ஒருவர்க்கும் உயிர்ச்சேதம் இல்லை.

எஞ்சின் எவ்வாறு ஆற்றலைப் பெறுகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். அது காற்றை உண்டு வாழும் பொறி. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே மிகுந்த ஆற்றலை விரும்புவோன் மிகுந்த காற்றை உட்செலுத்தல் வேண்டும். அதற்கு வழிகள் மூன்று. சிலிண்டரைப் பெரிதாக்குதல் ஒன்று. எஞ்சினை முன்னிலும் விரைவாகச் சுழலச்செய்தல் மற்றொன்று. கொல்லன் துருத்தி கொண்டு ஊதுவதுபோல் காற்றை வலிந்து திணித்தல் மூன்றாவது. மூன்றாவது வேலையைச் செய்யும் கருவியே சூப்பர்சார்ஜர் எனப்படுவது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போவும் அதன் இனமே.

இவ்வழிகளுள் விலையின்றிக் கிடைப்பது ஒன்றும் இல்லை. நிமிடத்திற்கு 5,000 முறை சுழலும் எஞ்சினை 6,000 முறை சுழலச்செய்கின்றோம் எனின், சுழற்சி நூற்றுக்கு 20 பங்குதான் மிகுந்தது. ஆனால் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைப் பிடித்திழுக்கும் கனெக்டிங் ராடின்மேல் ஏறும் விசையோ நூற்றுக்கு 44 பங்கு மிகுகின்றது. ஏனெனில் அவ்விசை சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. இனி, வெப்பத்தை நோக்குவோம். சிலிண்டருள் எரியும் வாயு 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெம்மை உடையது. அதனை எதிர்நின்று தாங்கும் பிஸ்டனோ அலுமினியத்தால் ஆயது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் உருகாமல் இருப்பது, ஏற்ற வெப்பத்தை வளையங்கள் வழியாகவும் எண்ணெய் வழியாகவும் இடையறாது வெளியேற்றிக்கொண்டே இருப்பதனால்தான். அவ்வாறு வெளியேற்றும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சினைச் செய்தவன் அவ்வெல்லையை அறிவான். மாற்றியமைக்கப் புகுவோனும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக மோட்டார் உலகின் வரலாற்றினின்றே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். இங்கிலாந்தில் டபிள்யூ. ஓ. பென்ட்லி என்பார் ஒருவர் இருந்தார். அவர் இளமையில் டான்காஸ்டரிலுள்ள ரெயில்வே தொழிற்சாலையில் தொழில் பயின்றவர். 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு முன்னர், டி.எப்.பி. என்னும் பிரெஞ்சு வண்டிகளைத் தருவித்து லண்டனில் விற்று வந்தார். அவ்வண்டிகளை இன்னும் விரைவாக ஓடச்செய்ய விரும்பிய அவர், 1913ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலைக்குச் சென்றபோது, அங்கே மேசைமேல் தாளுக்குப் பாரமாக வைத்திருந்த அலுமினியத்துண்டு ஒன்றைக் கண்டார். இந்த இலேசான உலோகத்தால் பிஸ்டன் செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. செம்பு சிறிது கலந்த அலுமினியப் பிஸ்டன்களைச் செய்து பூட்டினார். வண்டி விரைவில் மேம்பட்டது. புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடத்தில் புகழும் பெற்றது. போர் மூண்டபின் அவ்வறிவு ஆகாயவிமான எஞ்சின்களுக்கும் பயன்பட்டது.

இதுவும் மாற்றியமைத்தலே அன்றோ? ஆயினும் இதன் இயல்பைக் கவனித்தல் வேண்டும். கனத்த பிஸ்டன் இருந்த இடத்தில் இலேசான பிஸ்டன் வந்தது. அதனால் கனெக்டிங் ராடின் சுமை குறைந்தது. கிராங்க் தண்டின் சுமையும் குறைந்தது. அலுமினியம் வெப்பத்தை விரைவில் கடத்துவதாகலின் சிலிண்டரின் வெம்மையும் தணிந்தது. ஓர் உறுப்பைத் திருத்த, பிற உறுப்புக்கள் இளைப்பாறின. சுமையைக் குறைத்து ஆற்றலைப் பெற்ற மாற்றம் அது.

நிற்க. இதே பென்ட்லி 1919ஆம் ஆண்டில் தம் பெயரால் ஒரு கம்பெனியைத் தோற்றுவித்தார். அவர் அமைத்த வண்டிகளுள் நாலரை லிட்டர் வண்டி என்பது புகழ்வாய்ந்தது. அது 110 குதிரைச் சக்தி உடையது. பிரான்சு நாட்டில் லே மான் என்னுமிடத்தில் 24 மணி நேரம் ஓயாது நடைபெறும் பந்தயத்தில் 1928ஆம் ஆண்டில் வென்றது. இவ்வண்டியை ஓட்டிய வீரருள் சர் ஹென்றி பிர்க்கின் என்பார் அவ்வாற்றலும் போதாதென்று கருதினார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறிவல்லுநர் அமைத்த சூப்பர்சார்ஜரை அதற்குப் பூட்டவேண்டுமென்றார். பென்ட்லி இணங்கவில்லை. ஆற்றல் வேண்டுமானால் பெரிய எஞ்சினைச் செய்தல் வேண்டும். செய்துமுடித்த எஞ்சினுள் காற்றைத் திணித்தல் அதன் அமைப்பைக் கெடுப்பதாகும் என்பது அவர் கொள்கை. ஆயினும் கம்பெனியின் தலைவராயிருந்த உல்ப் பார்னாட்டோ பிர்க்கினுக்கு இசைவளித்தார். டாரதி பேஜட் என்னும் செல்வச் சீமாட்டி பொருளுதவி புரிந்தார். பந்தய விதிக்கிணங்க 50 வண்டிகள் விற்பனைக்கென்றே செய்யப்பட்டன.

அச்சூப்பர்சார்ஜர் எங்கே பூட்டப்பட்டது என்பதைக் கவனித்தல் நன்று. எஞ்சினுக்குள்ளும் அதன் அருகிலும் அதற்கு இடமில்லை. ஆகவே ரேடியேட்டருக்கும் முன்னே, கிராங்க் தண்டின் நுனியில், வண்டியின் முகத்திலே தொங்குமாறு அதனை வைத்தனர். வீடு கட்டி முடிந்தபின் வந்த விருந்தாளிக்குத் திண்ணையில் இடமளித்ததை ஒக்கும் அது. சாலை வண்டியின் ஆற்றல் 175 குதிரைச் சக்தியாயிற்று. பந்தய வண்டியின் ஆற்றல் 240ஆக உயர்ந்தது. கிராங்க் தண்டு முதலிய உறுப்புக்களையும் வலிமைப்படுத்தினர். அவ்வளவு செய்தும், 1930ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தில் நிகழ்ந்தது யாது? பிர்க்கின் ஜெர்மானியரின் மெர்ஸிடிஸ் வண்டியைத் துரத்திச் சென்று முந்திய வீரம் இன்றும் பேசப்படுகின்றது. ஆனால் அவரணியில் ஓடிய இரண்டு வண்டிகளும் எஞ்சின் பழுதுற்று இடையிலே நின்றுவிட்டன. அப்பந்தயத்தில் முதலிரண்டு இடங்களையும் பெற்றவை, சூப்பர்சார்ஜர் இல்லாத, ஆனால் ஆறரை லிட்டர் அளவுள்ள பென்ட்லி வண்டிகளே. பெரிய எஞ்சின் வேண்டுமென்ற பென்ட்லியின் கொள்கை அன்று வென்றது.

இதனைக் கேட்கும் நண்பர் சிலர் உடனே மறுப்புக் கூறுவர்: "இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது எந்த வண்டியை? வென்ற வண்டியையா? இல்லை, துருத்தி பூட்டிய வண்டியையே அன்றோ?" என்பர். அது மெய்யே. அவ்வகை வண்டி 1930ஆம் ஆண்டில் போ நகரில் நடைபெற்ற பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இரண்டாமிடம் பெற்றது. 1932ஆம் ஆண்டில் பிர்க்கின் ஒற்றை இருக்கை வண்டியில் புரூக்லண்ட்ஸ் தடத்தை மணிக்கு ஏறத்தாழ 138 மைல் வேகத்தில் சுற்றிவந்தார். அவ்வொற்றை இருக்கை வண்டி 2012ஆம் ஆண்டு ஏலத்தில் 45 இலட்சம் பவுனுக்கும் மேற்பட்ட விலைக்குப் போயிற்று. ஒரு சுற்றுக்குரிய வேகம் அதனிடம் நிறைய இருந்தது. 24 மணி நேரத்திற்குரிய உறுதி அதனிடம் இல்லை. புகழ் வேறு, பயன் வேறு. நாடோறும் ஏறிச்செல்லும் வண்டிக்கு வேண்டுவது எது என்பதை நண்பர்களே சொல்லட்டும்.

அவ்வாறாயின் சூப்பர்சார்ஜரே தீயதோ எனின், அன்று. இதற்கு விடையளிப்பதும் பிர்க்கினின் வரலாறே. அடுத்த ஆண்டாகிய 1931இல் அவர் மீண்டும் லே மான் சென்றார். இம்முறை ஹவ் பிரபுவோடு சேர்ந்து இத்தாலி நாட்டு ஆல்பா ரோமியோ வண்டியை ஓட்டினார். அதன் எஞ்சின் 2,336 கன சென்டிமீட்டர் அளவினதே. பென்ட்லியின் நாலரை லிட்டரில் பாதியைச் சற்றே கடந்தது. அதுவும் சூப்பர்சார்ஜர் பூண்டதே. ஆனால் அவ்வெஞ்சினை வகுத்த விட்டோரியோ யானோ, தாளில் முதற்கோடு இழுத்த நாளிலேயே சூப்பர்சார்ஜருக்கும் இடம் வகுத்திருந்தார். எட்டுச் சிலிண்டர்களை நான்கு நான்காகப் பிரித்து, அவற்றின் நடுவே பல்சக்கரங்களை நிறுத்தி, அவற்றால் சூப்பர்சார்ஜரை எஞ்சினின் பக்கத்திலேயே சுழலச்செய்தார். அவ்வண்டி 24 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வென்றது. அப்பந்தயத்தில் அத்தொலைவைக் கடந்த முதல் வண்டி அதுவே. அதே வீரர், அதே தடம், அதே வகைக் கருவி. ஓரிடத்தில் அது ஒட்டவைத்த உறுப்பு. மற்றோரிடத்தில் உடன்பிறந்த உறுப்பு. தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே நின்ற பெரிய வேறுபாடு இதுவே என்பது எம் துணிபு.

இன்று தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி வரும் வண்டிகள் நம் சாலைகளில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவை எளிதில் பழுதுறுவதில்லை. அவற்றின் பிஸ்டனும், குளிர்விக்கும் நீரோட்டமும், எண்ணெய் வழியும், பெட்ரோலை அளந்து விடும் கணினியும் அச்சுமைக்கென்றே அமைக்கப்பட்டவை. அதனைக் கண்டு, அச்சுமைக்கென அமையாத பழைய எஞ்சினில் டர்போவை மட்டும் பூட்டுவோன், பயில்வானின் உணவை நோயாளிக்கு ஊட்டுவோனை ஒப்பான்.

அவ்வாறு செய்வதால் விளையும் துன்பங்களுள் கொடியது 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் வழங்கும் தட்டலாகும். சிலிண்டருள் அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, தீப்பொறியால் முறையாக எரிந்துவரும் சுடர் வந்து சேருமுன்னரே, மூலையிலுள்ள கலவை தானே தீப்பற்றி வெடிக்கின்றது. சுத்தியால் அடிப்பது போன்ற அவ்வோசை நெடுநேரம் நீடித்தால் பிஸ்டன் உடையும், கேஸ்கட் கருகும். ஹாரி ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொறியறிஞர் முதல் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் இதனை நுணுகி ஆராய்ந்தார். அவர் முதலியோர் பெட்ரோலின் தன்மையையும் சிலிண்டர்த் தலையின் வடிவத்தையும் அளந்து ஆய்ந்து வழிகண்டனர். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921ஆம் ஆண்டில் வேறொரு குறுக்குவழி கண்டார்: பெட்ரோலில் ஈயச்சேர்மம் ஒன்றைச் சிறிது கலந்தால் தட்டல் நின்றுவிடும். 1923ஆம் ஆண்டு முதல் அது விற்பனைக்கு வந்தது. எஞ்சின் அமைதியுற்றது, ஆனால் ஈயப்புகை காற்றிற் பரவி, குழந்தைகளின் மூளைக்கும் கேடு விளைத்தது. நம் நாட்டில் அது 2000ஆம் ஆண்டிலும், உலகிலேயே இறுதியாக அல்ஜீரியாவில் 2021ஆம் ஆண்டிலும் மோட்டார் வண்டிகளுக்கு விற்கப்படாமல் நின்றது. எஞ்சினின் கடனை எஞ்சினே செலுத்தாவிடின் வேறு யாரோ செலுத்துவர் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இனி, நம்மிடையே நிகழ்வதற்கு வருவோம். எம்மோடு பழகிய பழைய மாணவர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினில் டர்போ பூட்டுவித்தார். முதலில் கேஸ்கட் போயிற்று. வலிய கேஸ்கட் போட்டபின் மிகுந்த விசையைத் தாங்காது கிளட்ச் வழுக்கிற்று. வலிய கிளட்ச் போட்டபின் கியரின் பற்கள் முறிந்தன. ஒவ்வொரு முறையும் மிக மெலிந்த உறுப்பு முறிந்தது. அதனை வலிமைப்படுத்த, அடுத்து மெலிந்தது முறிந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் இரும்பாக்கினால் சங்கிலி இரும்பாகிவிடுமோ? ஈராண்டின் முடிவில் வண்டியைப் பழைய இரும்பின் விலைக்கு விற்றுவிட்டார். கடன் மட்டும் எஞ்சியது. அவர் தாமே ஈட்டிய பொருளை இழந்தார். நம் மாணவர் சிலரோ, விளைந்த நெல்லை விற்றும் நகையை அடகுவைத்தும் பெற்றோர் அனுப்பும் பொருளைக் கொண்டே இவ்விளையாட்டை ஆடுகின்றனர். இதனை எடுத்துச்சொல்ல யாம் கூசவில்லை.

பொருளிழப்பினும் பெரியது உயிரிழப்பு. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் அதனை நிறுத்தப் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகின்றது. எஞ்சினுக்கு இலட்சம் செலவிட்டவர் பலர் பிரேக்கிற்கு நூறும் செலவிடக் காணோம். சாலையோரம் நடக்கும் கிழவிக்கும் பள்ளிச்சிறுவனுக்கும் நம் வீரத்தில் பங்கில்லை. அதன் விளைவில் மட்டும் பங்கு அளித்தல் அறமாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஆராய்ந்து, வண்டியைச் செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக அதனை மாற்றுதல் ஆகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இக்கருத்து பற்றியே என்று கொள்ளலாம். அரசு விதிகள் இடந்தரும் சில மாற்றங்கள் உள. அவற்றைக் கடந்தவற்றிற்குப் பொதுச்சாலை இடமன்று. விரைவை விரும்புவார்க்குத் தக்க இடம் பந்தயத்தடமே. முன்னாளில் சென்னைக்கு அருகே சோழவரத்து விமானத்தளத்தில் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் அமைந்தது. அங்கே தலைக்கவசம் உண்டு, தீயணைப்பார் உண்டு, எதிரே மாட்டு வண்டி வாராது.

ஆகவே, எஞ்சினில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கு யாம் பணிந்து கூறுவது இது. விரைவுக்கு முன் டயரையும் பிரேக்கையும் செம்மை செய்க. அடுத்துக் குளிர்விக்கும் அமைப்பையும் எண்ணெய் ஓட்டத்தையும் நோக்குக. ஆற்றலைக் கூட்டுவது அனைத்திற்கும் பின்னரே. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. ஐந்தை ஒருங்கே மாற்றினால் எது கெடுத்தது, எது கொடுத்தது என்று அறிதற்கு இயலாது. மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் வெப்பத்தையும் எண்ணெயழுத்தத்தையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. செய்யவிருக்கும் மாற்றம் சுமையைக் குறைப்பதோ கூட்டுவதோ என்று முதலில் வினவுக. கூட்டுவதாயின் அச்சுமையை எவ்வுறுப்புத் தாங்கும் என்று பெயர் குறித்து விடைகூறுக. விடை தெரியாதாயின் ஸ்பானரைக் கீழே வைப்பதே அறிவுடைமை.

நம் கல்லூரியில் பௌதிகச் சாலை உண்டு. வெப்பமும் விசையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் உளர். வகுப்பில் தேர்வுக்காகப் படிக்கும் அவ்விதிகளே வண்டியின் மூடிக்கீழ் நாடோறும் நடப்பவை. மாணவர் தம் ஐயங்களை அவர்களிடம் கொண்டுசென்றால் அவர்கள் மகிழ்ந்து உதவுவர் என்பதில் ஐயமில்லை. மோட்டார்த் தொழிலில் உள்ள பழைய மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து, ஓர் எஞ்சினைப் பிரித்துக் காட்டி விளக்கினால், பல இளைஞரின் பொருளும் சிலரின் உயிரும் காக்கப்படும். இதனைக் கல்லூரித் தலைவரவர்களும் பழைய மாணவர் சங்கத்தாரும் கருதிப்பார்ப்பார்களாக.

எஞ்சின் பொய் சொல்லாது. கொதிக்கும்போதும், தட்டும்போதும், புகையும்போதும் தன்மேல் ஏற்றிய சுமை இவ்வளவென்றே அது சொல்கின்றது. அதனைக் கேட்டுச் சினங்கொள்பவன் மெக்கானிக்கை மாற்றிக்கொண்டே இருப்பான். கேட்டுக் கணக்கிடுபவனே தொழில் கற்பான். நம் இளைஞர் விரைவை விரும்புக. அதற்குமுன் அளவை அறிக.